கங்காதர நெல்லூரின் மேல் பெய்யும் வெண்பனி

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருப்பதிக்கு இன்னும் 35 கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் காதங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். நடுவே 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு திடலில் 1024 ஆண்டெனாக்கள், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் எம்.எஸ்.டி. ரேடார் இது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, காற்றின் நுண்ணிய கலக்கங்களில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்கிறது. பக்கத்திலேயே இதைவிடச் சிறிய இன்னொரு ரேடார் உண்டு. அது 22 சென்டிமீட்டர் அலைகளில் வேலை செய்வதால் மழைத்துளிகளையும் நன்றாகப் பார்க்கும்.

கார்த்திகை மாதத்து அடைமழை இரவொன்றில் இந்தச் சின்ன ரேடாரின் பதிவை விரித்தால், தரைக்கு மேல் நாலரை முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் கிடையாக ஒரு பளிச்சென்ற பட்டை தெரியும். மழை விடாமல் பெய்யும் நேரம் முழுவதும் அது அசையாமல் அதே உயரத்தில் நிற்கும். அந்தப் பட்டைக்குக் கீழே இருப்பது மழை. மேலே இருப்பது வெண்பனி. காதங்கிக்குத் தெற்கே நீவா ஆற்றங்கரையில் கரும்பும் மாவும் வேர்க்கடலையும் விளையும் கங்காதர நெல்லூரின் தலைக்கு மேலும், அந்த நேரத்தில், ஆல்ப்ஸ் மலையில் பெய்வது போன்ற அசல் பனிப்படிகங்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. தரையைத் தொடும் முன்பே கரைந்துவிடுவதால் யாரும் அவற்றைக் கண்டதில்லை.

பனிச்சறுக்குக்குப் பேர்போன ஆல்ப்ஸ் ஊர்களில் குளிர்காலம் தொடங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊரில் பனி அதிகமா, அந்த ஊரில் அதிகமா? நம் பக்கத்து உழவர்கள் மழையைப் பற்றி இதையேதான் கேட்கிறார்கள். மேல் ஊரில் இரண்டு உழவு மழை, நம் ஊரில் மண் நனையக்கூட இல்லை என்று சொல்லாத ஆடி மாதம் கிடையாது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இயற்பியலில் இருக்கிறது. அதனால்தான் பனி என்பதையே அறியாத ஒரு வட்டாரத்தை ஆல்ப்ஸுடன் சேர்த்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பனி எப்படி அங்கே வந்தது என்பதைப் பார்ப்போம்.

1922 பிப்ரவரியில் தோர் பெர்கரோன் என்ற ஸ்வீடன் நாட்டு இளம் வானிலை ஆய்வாளர், நார்வேயின் தலைநகரை ஒட்டிய வோக்சென்கோலன் மலையில் சில வாரங்கள் தங்கியிருந்தார். அங்கே ஊசியிலைக் காட்டுப் பாதையில் நடக்கும்போது ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கும் நாட்களில் மூடுபனி தரை வரை இறங்கி மரங்களுக்கிடையே நிறைந்திருந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவுக்குப் போன நாட்களிலோ மரங்களுக்கு நடுவே மூடுபனி இல்லை. பாதை தெளிவாக இருந்தது, மரக்கிளைகள் மட்டும் உறைபனி படர்ந்து வெளுத்திருந்தன. மூடுபனியின் நீர்த்துளிகளை மரத்தின் மேலிருந்த பனிக்கட்டி உறிஞ்சிக்கொண்டது என்று அவர் ஊகித்தார்.

காரணம் இதுதான். மேகத்துளிகள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனவுடன் உறைந்துவிடுவதில்லை. மிகச் சிறிய துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி வரை நீராகவே இருக்கும். அப்படிப்பட்ட துளிகளுக்கு நடுவே ஒரே ஒரு பனிப்படிகம் தோன்றினால் போதும். நீரைவிடப் பனிக்கட்டி ஆவியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே துளிகளிலிருந்து ஆவி வெளியேறிப் படிகத்தின் மேல் படிகிறது. துளிகள் சுருங்குகின்றன, படிகம் வளர்கிறது, கனத்து விழத் தொடங்குகிறது. விழும் வழியில் பிற படிகங்களோடு ஒட்டிக்கொண்டு பனித்திவலையாகிறது. ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகனர் 1911-லேயே இதன் கோட்பாட்டைத் தொட்டிருந்தார். பெர்கரோன் அதை மழைக்குப் பொருத்தி 1930களில் முன்வைத்தார். பின்னர் ஃபின்டைசன் என்ற ஆய்வாளர் அதை விரிவாக்கினார்.

பெர்கரோன் ஒரு படி அதிகமாகவே போனார். உலகில் பெய்யும் கனமழை ஏறக்குறைய எல்லாமே பனியாகத் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. வடதேசத்துக்காரருக்கு அது இயல்பான முடிவு. வெப்பமண்டலத்தில் அது முழுக்க உண்மையாகவில்லை. கடலோரங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் உறைநிலையை எட்டாத மேகங்களில், துளியோடு துளி மோதி இணைந்தே மழை உண்டாவதுண்டு. கங்காதர நெல்லூரில் பெய்யும் ஒவ்வொரு துளியும் பனியாக இருந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் வங்கக் கடலிலிருந்து காற்றழுத்தத் தாழ்வு நெருங்கி, வானம் முழுக்கச் சாம்பல் நிறமாகி, மணிக்கணக்கில் ஒரே சீராகப் பெய்கிற மழை இருக்கிறதே, அதன் பெரும்பகுதி பனியின் வழியாகத்தான் வருகிறது. ரேடாரில் தெரியும் அந்தப் பட்டை அதற்குச் சாட்சி.

பட்டை ஏன் பளிச்சிடுகிறது? ரேடார் அலைக்குப் பனிக்கட்டி மங்கலான பொருள். அதே அளவு நீர் ஏறக்குறைய ஐந்து மடங்கு வலுவாக அலையைத் திருப்பி அனுப்பும். ஒரு பனித்திவலை பூஜ்யம் டிகிரி உயரத்தைக் கடந்து கீழே வரும்போது முதலில் அதன் மேற்பரப்பு மட்டும் உருகுகிறது. உடல் இன்னும் திவலையின் அகலத்தில் விரிந்திருக்கிறது, மேலே நீர்ப்படலம் போர்த்தியிருக்கிறது. ரேடாரின் பார்வையில் அது அசாதாரணமாகப் பெரிய ஒரு மழைத்துளி. இன்னும் சில நூறு மீட்டர் கீழே வந்ததும் முழுவதும் உருகிச் சிறு துளியாகச் சுருங்கிவிடுகிறது. அதோடு வேகமும் மாறுகிறது: திவலை நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் விழும், துளி ஆறேழு மீட்டர் விழும். வேகமாக விழுவதால் துளிகளுக்கிடையே இடைவெளி கூடுகிறது, எதிரொலி குறைகிறது. இப்படி மேலும் மங்கல், கீழும் மங்கல், உருகும் இடத்தில் மட்டும் வெளிச்சம்.

இந்த வேகக் கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் உருவான திவலை ஐந்து கிலோமீட்டருக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அங்கிருந்து தரைக்கு வரத் துளிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். நம் ஓட்டுக்கூரையில் விழும் கார்த்திகை மழைத்துளி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பனியாகவே கழித்திருக்கிறது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

பட்டையின் உயரத்தை நாமே மதிப்பிடலாம். மழைக்காலத்தில் தரையில் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஈரக்காற்றில் மேலே போகப் போகக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6 டிகிரி குறையும். 28-ஐ 6-ஆல் வகுத்தால் நான்கு முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கங்காதர நெல்லூர் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் அளவில் இருப்பதால், பூஜ்யம் டிகிரிக் கோடு கடல் மட்டத்துக்கு மேல் ஐந்து கிலோமீட்டரில் வந்து நிற்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637. பழைய சித்தூர் மாவட்டத்து ஹார்ஸ்லி மலை 1,265 மீட்டர்தான். எந்த மலையும் அந்தக் கோட்டை எட்டவில்லை. மிக உயர்ந்ததும் பாதிக்குச் சற்று மேலே போவதோடு நின்றுவிடுகிறது. உதகையில் விடியற்காலைப் புல்லில் வெளுத்துக் கிடப்பது தரையிலேயே உறைந்த ஈரம். வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல.

கோடையிடி மழையில் சில ஆண்டுகள் மாந்தோப்புகளைச் சிதைக்கும் ஆலங்கட்டி மட்டும் விதிவிலக்கு. வலுவான மேலெழு காற்று அதைப் பல முறை தூக்கிப் போட்டுக் கனமாக வளர்த்து விடுகிறது. கனத்த கட்டி மிக வேகமாக விழுவதால் கரையப் போதிய நேரம் கிடைப்பதில்லை. நம் வட்டாரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டித் தரை வரை வரும் பனிக்கட்டி இது ஒன்றுதான்.

இப்போது ஆல்ப்ஸுக்குப் போவோம். ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியில் வார்த் என்ற சிற்றூர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தெற்கில், மேட்டர்ஹார்ன் சிகரத்தின் காலடியில், ட்ஸெர்மாட் 1,600 மீட்டரில் இருக்கிறது. உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் வார்த், ஆல்ப்ஸிலேயே பனி மிகுந்த சறுக்கு ஊர்களில் ஒன்று. ஒரு பருவத்தில் விழும் புதுப்பனியைக் கூட்டினால் சராசரியாகப் பத்து மீட்டருக்கு மேல் என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். ட்ஸெர்மாட்டிலோ ஆண்டு முழுதும் மழை, பனி எல்லாம் சேர்ந்து நீர் அளவில் 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் ராயலசீமையின் வறண்ட மாவட்டங்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய எண் இது: அனந்தபூரின் இயல்பு மழை 550 மில்லிமீட்டர் அளவு.

இந்த வேறுபாட்டை உண்டாக்குவது காற்றின் திசையும் மலையின் முகமும். அட்லாண்டிக்கின் மேலாக வடமேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து முதலில் மோதும் மலைச்சுவரின் மேல் வார்த் இருக்கிறது. மேலே தள்ளப்பட்ட காற்று குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. அந்த வடக்குச் சுவரின் இன்னொரு சிகரமான ஸென்டிஸில் (2,502 மீட்டர்) ஆண்டுக்கு 2,800 மில்லிமீட்டர் அளவு பொழிகிறது. ட்ஸெர்மாட்டைச் சுற்றியோ 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அவற்றைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தைப் பெரிதும் இழந்திருக்கும்.

அப்படியானால் பனிச்சறுக்குக்கு வார்த் சிறந்ததா? இங்கேதான் கேள்வி புரள்கிறது. ட்ஸெர்மாட்டிலிருந்து கம்பிவட வண்டி 3,883 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கே விழுவது குறைவு, விழுந்தது போகாது. கோடையிலும் பனியாற்றின் மேல் சறுக்குகிறார்கள். வார்த்தில் ஏராளமாக விழுகிறது, ஆனால் உருகுநிலைக் கோட்டுக்கு அருகிலேயே வாழ்கிறது அந்த ஊர். எவ்வளவு விழுகிறது என்பதும் எவ்வளவு தங்குகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இதே கண்ணோடு சித்தூருக்குத் திரும்பினால் ஓர் எதிர்பாராத கணக்கு கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் தோராயமாக ஒரு மில்லிமீட்டர் நீர். பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் இயல்பு மழை ஆண்டுக்கு 934 மில்லிமீட்டர். அத்தனையும் பனியாகவே தரைக்கு வந்திருந்தால் ஒன்பது மீட்டருக்கு மேல் ஆகும். வார்த்தின் பக்கத்தில் தயங்காமல் நிற்கும் அளவு, ட்ஸெர்மாட்டைவிட அதிகம். வறட்சிக்கும் வற்றிய ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பெயர் பெற்ற ஒரு மாவட்டம் இது. வானம் இந்த மண்ணுக்குக் கஞ்சத்தனம் செய்யவில்லை. கொடுத்ததைப் பிடித்து வைக்க ஆல்ப்ஸுக்கு இருக்கும் குளிர் இங்கே இல்லை.

இனி நம் வட்டாரத்துக்குள்ளேயே இரண்டு இடங்களை ஒப்பிடலாம்: திருமலையும் கங்காதர நெல்லூரும்.

நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே சில பத்து கிலோமீட்டர்தான். மழைக்கு அது பெருந்தூரம். திருப்பதி நகரம் கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அதன் முதுகில் சேஷாசலம் சட்டென்று எழும்பி, திருமலையில் 850 மீட்டரைத் தாண்டுகிறது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடல் காற்று சமவெளி வழியே வந்து இந்தச் சுவரில் மோதுகிறது. கடற்காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. சில நூறு மீட்டர் தூக்கினாலே மேகமாகிவிடும். திருமலையின் கோகர்பம், ஆகாசகங்கை, பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா அணைகள் நிரம்புவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். கங்காதர நெல்லூரைச் சுற்றிக் குன்றுகள் உண்டு, இப்படியொரு சுவர் இல்லை.

ஆனால் வார்த்துக்கு ஒரு முதன்மைக் காற்றுத் திசை இருப்பது போல் நமக்கு இல்லை. நமக்கு இரண்டு பருவங்கள், இரண்டு எதிரெதிர்த் திசைகள். பழைய சித்தூர் மாவட்டத்தின் 934 மில்லிமீட்டரில் தென்மேற்குப் பருவம் தருவது சுமார் 440, வடகிழக்குப் பருவம் தருவது சுமார் 396. சமமாகப் பங்கிட்டது போலத் தோன்றும் இந்தக் கணக்கு ஒரு சராசரி மட்டுமே. மேற்கே மதனப்பள்ளிப் பக்கம் தென்மேற்கின் கை ஓங்கியிருக்கும். கிழக்கே திருப்பதி, காளஹஸ்திப் பக்கம் வடகிழக்கின் கை. கங்காதர நெல்லூர் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரு பருவம் ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கலாம். இரண்டும் ஏமாற்றினால் மாவையும் வேர்க்கடலையையும் காப்பாற்ற யாராலும் முடியாது.

இந்த நுணுக்கம் வெறும் ஊகமாக நின்றுவிடாமல் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. விண்ணிலிருந்து அது கணிக்கும் மழை சரிதானா என்று சோதிக்கத் தரையில் நெருக்கமான அளவீடு வேண்டியிருந்தது. அதற்காகக் காதங்கிக்காரர்கள் 50 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர் பரப்பில் 36 மழைமானிகளை வைத்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 முதல் 12 கிலோமீட்டர். ஊருக்கு ஊர் மழை வேறு என்று உழவர்கள் சொல்வதை எண்களில் பிடிக்கும் வலை இது.

வலையில் சிக்கியவை அருமையான தகவல்கள். நீண்ட நேரம் நின்று நிறையப் பெய்யும் மழை தென்மேற்குப் பருவத்தில் பரப்பின் மேற்குப் பகுதிகளில் அதிகம். வடகிழக்குப் பருவத்தில் வடக்குப் பகுதிகளில் அதிகம். ஒரே பரப்பு, பருவம் மாறினால் அதிர்ஷ்டசாலி ஊரும் மாறுகிறது. தென்மேற்குப் பருவ மழையில் சின்னச் சின்ன, ஆயுள் குறைந்த மேகக் கூட்டங்களின் பங்கு கணிசமானது. பகல் வெயிலில் சூடான தரை மாலையில் எழுப்பும் மேகங்கள் அவை. அதனால்தான் ஆடி ஆவணியில் ஓர் ஊர் நனைந்து பக்கத்து ஊர் காய்கிறது. வடகிழக்குப் பருவ மழையின் பெரும்பகுதி கடலிலிருந்து வரும் பரந்த, நீண்ட ஆயுள் கொண்ட அமைப்புகளில் வருகிறது. நாளின் எந்த நேரத்தில் பெய்கிறது என்பதிலும் வித்தியாசம். தென்மேற்கில் மழைக்கு நேரம் உண்டு. ஒரு நாளுக்குள் ஏறி இறங்கும் அளவு வடகிழக்கில் இருப்பதைப் போல் இரு மடங்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இரவு பகல் பேதம் குறைவு.

துளிகளின் அளவுகூட வேறுபடுகிறது. மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரே வேகத்தில் பெய்யும் இரண்டு மழைகளை எடுத்துக்கொண்டால், தென்மேற்குப் பருவ மழையில் பெருந்துளிகளும் வடகிழக்கில் சிறுதுளிகளும் அதிகம் என்று காதங்கியின் துளிமானி காட்டியிருக்கிறது. மேற்கு மலைத்தொடரைத் தாண்டி ஈரம் இழந்து வரும் காற்றில், மேகத்துக்கும் தரைக்கும் இடையே வறண்ட காற்றடுக்கு இருக்கிறது. அதில் சிறுதுளிகள் வழியிலேயே ஆவியாகி, பெரியவை மட்டும் வந்து சேர்கின்றன. கடற்காற்றின் ஈரத்தில் சிறுதுளிகளும் பிழைத்துக்கொள்கின்றன. மழைமானிக்கு இரண்டும் ஒன்றே. மண்ணுக்கு ஒன்றல்ல. பெருந்துளி மேல்மண்ணை அறைந்து இறுக்குகிறது. நீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது. சிறுதுளி நிதானமாக ஊறுகிறது. ஓர் உழவு மழை என்று நம் பெரியவர்கள் அளந்ததில் மில்லிமீட்டர் இல்லை. ஏர் போகும் அளவுக்கு மண்ணில் ஈரம் இறங்கியதா என்பதே அவர்களின் அளவு. அறிவியல் நோக்கிலும் அது பொருள் உள்ள அளவு என்றே கருதுகிறேன்.

ஒப்பிடும்போது அளவிடும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் மழைமானியின் வாய் எங்கும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வைக்கப்படுகிறது, காலை 8:30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழை எடுக்கப்படுகிறது, 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழைநாள். பனிக்கு இது இன்னும் கடினம். விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும், ஊரில் அளந்ததும் சிகரத்தில் அளந்ததும் வேறாக இருக்கும். அளப்பவர் யார் என்பதும் முக்கியம். ஜோனதன் ஸின்மன், எரிக் ஸிட்ஸெவிட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள், வட அமெரிக்கச் சறுக்கு ஊர்கள் தாமே அறிவித்த பனி அளவுகளை ஆராய்ந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் திரளும் வார இறுதிகளில் மட்டும் அறிவிப்புகள் 23 சதவீதம் கூடியிருந்தன. வானத்துக்குச் சனி ஞாயிறு தெரியாது. சறுக்க வந்தவர்களே கைபேசியிலிருந்து உண்மை நிலையைப் பதிவிடத் தொடங்கியதும் மிகைப்படுத்தல் குறைந்தது.

ஆண்டு எண்ணிக்கையும் போதிய அளவு வேண்டும். ஒரு பருவத்தை வைத்து ஊர்களைத் தரப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2015-ல் வடகிழக்குப் பருவம் வெள்ளமாகப் பெருகியது. அடுத்த ஆண்டே 62 சதவீதம் பற்றாக்குறை. வறண்ட ட்ஸெர்மாட்டில் 2018 ஜனவரியில் பனி கொட்டிச் சாலையும் ரயில் பாதையும் மூடி, ஏறக்குறைய 13,000 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதத்தை மட்டும் பார்த்தவர் ட்ஸெர்மாட்டைப் பனி மிகுந்த ஊர் என்றே எழுதியிருப்பார். முப்பது ஆண்டுச் சராசரியை இயல்பு என்று வானிலைத் துறைகள் கொள்வதன் காரணம் இதுதான்.

உருகும் கோட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் அது நாடகம் போல் வெளிப்படும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் நீருக்கு ஈடான பனி உருகினால், ஒரு கிலோமீட்டர் தடிமனான காற்றடுக்கு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். காற்று புக முடியாத குறுகிய பள்ளத்தாக்கில் இந்தக் குளிர்ச்சி வெளியேறாமல் தேங்கும். மாலையில் மழையாகத் தொடங்கியது, வெளியிலிருந்து எந்தக் குளிர்காற்றும் வராமலே, நள்ளிரவில் பனியாக மாறும். பக்கத்து அகன்ற பள்ளத்தாக்கில் விடியும் வரை மழையாகவே பெய்திருக்கும். நம் வானில் இதே குளிர்ச்சி ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நடந்து, வீசும் காற்றில் கலந்து மறைகிறது.

உலகம் சூடாகும்போது இந்தக் கோடு மேலே போகிறது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் என்பது ஆல்ப்ஸில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 2023 ஆகஸ்ட் 20-க்கும் 21-க்கும் இடைப்பட்ட இரவில் சுவிட்சர்லாந்தின் பயெர்ன் நிலையத்திலிருந்து விட்ட வானிலை பலூன், பூஜ்யம் டிகிரிக் கோட்டை 5,298 மீட்டரில் கண்டது. அந்நாட்டின் பதிவுகளில் அதுவே மிக அதிகம். அன்றிரவு ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமும் அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. கங்காதர நெல்லூரின் மேல் வழக்கமாக நிற்கும் கோட்டைவிட ஆல்ப்ஸின் கோடு உயரமாக இருந்தது!

வார்த் போன்ற ஊர்களுக்கு இதன் பொருள், பனியாக விழுந்து வசந்தம் வரை காத்திருக்க வேண்டிய நீர் மழையாகவே வந்து அன்றைக்கே ஓடிவிடும் என்பது. பனிப்போர்வை என்பது ஒரு நீர்த்தேக்கம். யாரும் கட்டாத, யாரும் தூர்வார வேண்டாத தேக்கம். அது சுருங்கும் இடங்களில் சறுக்கு ஊர்கள் செயற்கைப்பனி தூவுவதற்காக மலைமேல் குளங்கள் வெட்டுகின்றன. நம் வட்டாரத்துக்குப் பனிப்போர்வை என்றும் இருந்ததில்லை. அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்தே ஏரிகள் செய்துவந்தன. கங்காதர நெல்லூரின் மழை நீவாவில் இறங்கி, பொன்னையாற்றோடு பாலாற்றுக்குப் போகிறது. திருமலையின் மழை கபிலதீர்த்தம் வழியாகவும் கல்யாணி வழியாகவும் சுவர்ணமுகிக்குப் போய்க் காளஹஸ்தி தாண்டிக் கடலில் சேர்கிறது. இரண்டு வழியிலும் நீரை நிறுத்திவைக்க முந்தைய தலைமுறைகள் ஏரிக்கு மேல் ஏரியாகத் தொடுத்து வைத்தார்கள்.

உருகும் கோடு இன்னும் நூறு மீட்டர் உயர்ந்தால் கங்காதர நெல்லூரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியப்போவது வேறொன்று. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஆவியைத் தாங்கும். பெய்யும்போது அது ஒரே மூச்சில் இறங்கும் வாய்ப்பு அதிகம். 2021 நவம்பர் 19 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரை கடந்தது. அதன் ஈரத்தைச் சேஷாசலம் தடுத்துப் பிடித்தது. கபிலதீர்த்தத்தில் அருவி மண்டபங்களை மறைத்துக் கொட்டியது, மலைப்பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன, திருப்பதித் தெருக்கள் ஆறாயின. அடுத்த சில நாட்களில் ராமச்சந்திராபுரம் மண்டலத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் ஏரி அது. கீழே இருந்த ஊர்களைக் காலி செய்து, கரையில் மணல் மூட்டைகளை அடுக்கி, உபரி நீரைக் கலங்கல் வழியாக வெளியேற்றிக் கரையைக் காப்பாற்றினார்கள்.

அந்த ஏரிக்கு அதைக் கட்டிய காலத்து மழை தெரியும். அதன் கலங்கல் அந்த மழைக்கு வைத்த அகலம். காதங்கியின் மழைமானிகளும் ரேடார்களும் சேர்த்துவைத்திருக்கும் பதிவுகளிலிருந்து இன்றைய மழைக்கு எந்தக் கலங்கல் எவ்வளவு அகலம் வேண்டும், நீவாவின் எந்த வரத்துக்கால்வாய் எவ்வளவு நீரைத் தாங்க வேண்டும் என்பதை ஊர் ஊராகக் கணக்கிட முடியும். அந்தக் கணக்கைப் போட்டு, ஏரிப் பாசன விவசாயிகளிடமும் பொதுப்பணிப் பொறியாளர்களிடமும் அடுத்த ஐப்பசிக்கு முன் கொடுப்பதுதான் இந்த வட்டாரத்து வானிலை அறிவியலின் அவசர வேலை.